இருபது போர்வை, நாலாயிரம் ரூபாய்: ஈரோடு கனி மார்க்கெட்டில் ஒரு செவ்வாய்க்கிழமை

"இருபது போர்வை வாங்கோணும். கையில நாலாயிரம் இருக்குது. செவ்வாக்கிழமை காலைல ஈரோட்டுக்கு வந்துரு கண்ணு."

அம்மா போனில் சொன்னது இவ்வளவுதான். ஒரு போர்வைக்கு 200 ரூபாய். அந்த விலைக்கு ஆன்லைனிலேயே கிடைக்குமே என்று இரண்டு ஸ்கிரீன்ஷாட் அனுப்பினேன். முன்பு ஒருமுறை நான் அப்படி ஆர்டர் போட்டு அனுப்பிய கம்பளி படத்தில் மெத்தை மாதிரி இருந்தது. வந்து சேர்ந்ததை ஜன்னலுக்குத் திரையாகத்தான் போட முடிந்தது. அம்மா அதை மறக்கவில்லை. "தொட்டுப் பாக்காம துணி வாங்குவாங்களா?" என்று ஒரு வாய்ஸ் மெசேஜ் மட்டும் வந்தது. முப்பது வருஷமாகத் தையல் மெஷின் மிதிக்கிறவர் சொன்னால் கேட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

சென்னையிலிருந்து ராத்திரி ஏற்காடு எக்ஸ்பிரஸ். காலையில் ஈரோட்டில் இறங்கி, பன்னீர்செல்வம் பார்க் பக்கம் போனபோது அம்மா எனக்கு முன்னாலேயே வந்து நின்றிருந்தார். திருச்செங்கோட்டில் முதல் பஸ்ஸைப் பிடித்திருக்கிறார். கையில் ஒரு வயர் கூடை. அதற்குள் மடித்து வைத்த ஒரு பழைய போர்வை. பஸ்ஸில் குளிருக்கு எடுத்து வந்திருப்பார் என்று நினைத்துக்கொண்டேன்.

ஈரோடு ஜவுளிச் சந்தை என்றால் பலருக்கும் இந்த இடம்தான். பெயர் அப்துல் கனி ஜவுளி மார்க்கெட். ஊர் வாயில் கனி மார்க்கெட். தினமும் திறக்கிற கடைகள் தனி, வாரச்சந்தைக் கடைகள் தனி. வாரச்சந்தை திங்கள் ராத்திரியே தொடங்கி, செவ்வாய் முழுக்க ஓடும். கேரளா, கர்நாடகா, ஆந்திரா வியாபாரிகள் ராத்திரியோடு ராத்திரியாக வந்து பேல் கட்டி லாரியில் ஏற்றிவிடுவார்கள். நம்மைப் போல சில்லறையாக வாங்குகிறவர்களுக்குச் செவ்வாய் காலைதான் நல்ல நேரம். மொத்த வியாபாரம் ஓய்ந்திருக்கும், கடைக்காரர் நின்று பேசுவார்.

நாங்கள் போனது கார்த்திகை மாசம். எந்தப் பக்கம் திரும்பினாலும் ஐயப்ப பக்தர்களுக்கான கறுப்பு, காவி வேட்டியும் துண்டும் மலை மாதிரி குவிந்திருந்தன. போர்வைக்கும் அதுதான் சீசன். லுங்கி, நைட்டி, குழந்தைகள் ஜட்டி என்று நடுவில் கண்ணை இழுக்கிற சரக்கையெல்லாம் தாண்டிப் போக எனக்குத்தான் நேரமானது. அம்மா நேராகப் போர்வைக் கடைகள் இருக்கிற வரிசைக்குப் போய்விட்டார்.

"வாங்கக்கா, மொத்தமாங்களா, சில்லறைங்களா?"

"இருவது பீஸ் எடுத்தா என்ன கணக்குங்க?"

"இருவதுன்னா மொத்த விலையே போட்டுக்கலாங்க்கா, உக்காருங்க."

முதல் கடையில் எனக்குப் பிடித்தது, பூப்போட்ட பாலியஸ்டர் போர்வை. பூனைக்குட்டி மாதிரி மெத்தென்று இருந்தது. 180 ரூபாய்தான். இருபது வாங்கினாலும் 400 மிச்சம். இதையே எடுத்துக்கலாம் என்றேன். அம்மா அதைக் கடை முன்னாலிருந்த சிமென்ட் தரையில் பாதி விரித்து, மேலே கையை ஊன்றி லேசாகத் தள்ளினார். சர்ரென்று நகர்ந்தது.

"தரையில நிக்காது கண்ணு. தூசி, முடியெல்லாம் ஒட்டிக்கும். கட்டில்ல படுக்கறவங்களுக்குச் சரி."

யார் கட்டிலில் படுக்காதவர்கள் என்று நான் அப்போது கேட்கவில்லை. கோயிலுக்கோ, ஏதாவது இல்லத்துக்கோ கொடுக்கப் போகிறார் என்று இருந்தேன்.

இரண்டாவது கடை சென்னிமலைப் போர்வைக் கடை. உண்மையைச் சொன்னால், நான் இந்தப் பயணத்தைக் கட்டுரையாக்கலாம் என்று நினைத்ததே இதற்காகத்தான். ஈரோட்டிலிருந்து 30 கிலோமீட்டர் போல இருக்கிற சென்னிமலை, மலைமேல் முருகனுக்கும் கீழே தறிக்கும் பேர் போன ஊர். அங்கே கைத்தறியில் நெய்கிற பருத்திப் போர்வை துவைக்கத் துவைக்க மிருதுவாகும். இப்போது விசைத்தறியில் அதே டிசைனை ஓட்டிக் குறைந்த விலைக்கு விற்கிறார்கள். போர்வை உட்படச் சில வகைத் துணிகளில் குறிப்பிட்ட ரகங்களைக் கைத்தறிக்கு மட்டும் என்று ஒதுக்க 1985-லேயே மத்திய அரசு சட்டம் போட்டிருந்தும் இந்த நிலைமை.

எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்டேன். கடைக்கார அண்ணா போர்வையின் ஓரக்கரையை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். வரிசையாகக் குட்டிக் குட்டி ஊசித் துளைகள். தறியில் துணியின் அகலம் சுருங்காமல் இருக்க, இரண்டு ஓரத்திலும் இழுத்துப் பிடித்து ஒரு குச்சி மாட்டுவார்களாம். அதன் முள் குத்திய தடம்தான் அது. "இது இருந்தா பெரும்பாலும் கைத்தறிங்க. நூல் ஒன்னை உருவிக் கொளுத்திப் பாருங்க. பருத்தின்னா காகிதம் எரியற வாசம் வரும், சாம்பல் உதிரும். பாலியஸ்டர்னா உருகிக் கெட்டியா உருண்டையா நிக்கும்." பேசிக்கொண்டே தீப்பெட்டியை எடுத்துக் கொளுத்தியும் காட்டிவிட்டார்.

விலை 450. அம்மா அந்தப் போர்வையை ரொம்ப நேரம் தடவிக்கொண்டிருந்தார். பிறகு, "எட்டுப் பேருக்குத்தான் வரும்" என்று மடித்து வைத்துவிட்டார். எனக்கு மட்டும் ஒன்று வாங்கிக்கொண்டேன்.

மூன்றாவது கடையில்தான் வயர் கூடையிலிருந்த பழைய போர்வை வெளியே வந்தது. சாம்பல் நிறத்தில் நீலக் கோடு. நடுவில் ஓர் இடத்தில் ஒட்டுப் போட்டிருந்தது.

"இதே மாதிரி வேணுங்க."

கடைக்காரப் பெரியவர் வாங்கி, விரலால் நிமிண்டி, முகர்ந்துகூடப் பார்த்தார். "இது நம்ம பக்கத்துச் சரக்குதானுங்க. கழிவுப் பஞ்சு நூல். எங்க வாங்குனீங்க?"

"வாங்குலைங்க. ஒருத்தங்க குடுத்தாங்க."

அப்பா இறந்து அந்தக் கார்த்திகையோடு ஒரு வருஷம். அதற்கு முன் ஓர் அரசு மருத்துவமனையில் 19 நாள் இருந்தார். ஆண்கள் வார்டில் ராத்திரி பெண்கள் தங்கக் கூடாது. அடைமழையில் கட்டின புடவையோடு ஓடிவந்த அம்மா, வராந்தாவில்தான் படுத்திருக்கிறார். இரண்டாவது ராத்திரி, பக்கத்தில் படுத்திருந்த ஓர் அக்கா தன் போர்வையை விரித்துப் பாதியில் படுத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறார். ஒரு வாரம் அப்படி. ஒரு நாள் காலையில் அம்மா வார்டுக்குப் போய்விட்டுத் திரும்பி வந்தால், அந்த அக்கா இல்லை. போர்வை மட்டும் மடித்து அம்மா பையின் மேல் இருந்திருக்கிறது. அவர் வீட்டு நோயாளி குணமாகிப் போனாரா, இல்லையா என்று தெரியாது. ஊர் பேர்கூடக் கேட்டுக்கொள்ளவில்லை.

அந்த 19 நாளில் சனி, ஞாயிறு நான் வந்து போயிருக்கிறேன். அப்பா என்ன சாப்பிட்டார், டாக்டர் என்ன சொன்னார் என்று எல்லாம் கேட்டேன். அம்மா எதன் மேல் படுக்கிறார் என்று கேட்கவில்லை. கடையில் அந்தத் துணி மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்துதான் முதல்முறையாக இதைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

"குளிர் மேல இருந்து வர்றதில்லைங்க, தரையில இருந்துதான் வரும். கீழ போட்டாலும் தாங்கோணும், அப்படியே இழுத்துப் போத்தவும் ஆகோணும். ராத்திரி குழாயில அலசுனா மறுநா சாயங்காலத்துக்குள்ள காயோணும்" என்று அம்மா பெரியவரிடம் கணக்குச் சொன்னார். பவானி ஜமுக்காளம் தரைக்குப் பிரமாதம், ஆனால் போர்த்த முடியாது, தூக்கவும் கனம் என்பதும் அவரே சொன்னது.

கழிவுப் பஞ்சு நூல் என்றால் மட்டமான சரக்கு என்று நினைத்தேன். நூல் மில்களில் மிஞ்சும் பஞ்சும் திருப்பூர் பனியன் கம்பெனிகளில் வெட்டி விழும் துண்டுத் துணியும் மறுபடி பஞ்சாகி, மொத்தமான நூலாகித் தறிக்கு வருகிறது. வண்ணத் துண்டுகளை நிறம்வாரியாகப் பிரித்து அரைத்தால் சாயம் போடாமலேயே கலர் நூல் கிடைத்துவிடும். அதனால்தான் விலை குறைவு. பெரியவரும் மறைக்கவில்லை: "கொஞ்சம் பாலியஸ்டர் கலந்திருக்குங்க. சுத்தப் பருத்தின்னு சொல்லமாட்டேன்." முதல் துவையலைத் தனியாகப் போடச் சொன்னார்.

240 என்று ஆரம்பித்த விலை 220-ல் நின்றது. அதற்குக் கீழே இறங்கவில்லை. மீதி 400 ரூபாயை நான் போடுகிறேன் என்றேன். "இது நாந்தைச்ச காசு" என்று அம்மா பேச்சை முடித்துவிட்டார். 18 போர்வை, 3,960 ரூபாய்.

பணம் கொடுக்கும் முன் இன்ச் டேப்பை எடுத்தார் பாருங்கள்! ஒவ்வொரு பீஸாகப் பிரித்து அளந்தார். லேபிளில் 60-க்கு 90 அங்குலம் என்றிருக்க, மூன்று பீஸ் நீளத்தில் 84-தான் வந்தது. பெரியவர் ஒரு வார்த்தை பேசாமல் மாற்றிக் கொடுத்தார். சந்தைக்குப் போகிறவர்கள் கையில் ஒரு டேப் வைத்துக்கொள்ளுங்கள். பிரித்துப் பார்க்கக் கூச்சப்படவும் வேண்டாம், அங்கே எல்லோரும் அதைத்தான் செய்கிறார்கள்.

மூட்டையைத் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு வந்து டீ சொன்ன பிறகுதான் அம்மாவுக்குத் திக்கென்றது. வயர் கூடை காலி. டீயை அப்படியே வைத்துவிட்டு ஓடினோம்.

கடையில் ஒரு கேரளா வியாபாரி அந்தப் பழைய போர்வையை விரித்துப் பிடித்துக்கொண்டு, "இது எத்தரை? இந்த ரகத்தில் நூறு பீஸ் உண்டோ?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். பெரியவர் சிரித்தபடி எங்களைக் கை காட்டினார்.

"அது விக்கறதுக்கில்லைங்க" என்று வாங்கிக்கொண்டார் அம்மா.

பஸ்ஸில் மூட்டைக்கு லக்கேஜ் டிக்கெட் போட்டார்கள். காவிரிப் பாலம் தாண்டிப் பள்ளிபாளையத்தில் தறிச் சத்தம் கேட்க ஆரம்பித்தபோது, பழையதை மடியில் வைத்து, ஒட்டுப் போட்ட இடத்தைப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். "ஞாயித்துக்கிழமை ராத்திரி போலாம். பகல்ல போனா யாரு அங்க தங்கறவங்கன்னு தெரியாது. நீ வருவியா?" என்று கேட்டார்.

திங்கள்கிழமை லீவு கேட்டு ஆபீஸுக்கு மெசேஜ் போட்டேன்.