தவளை வாத்தியாரும் எங்கள் ஹஜ்ரத்தும்



சங்கரன்கோவில் வட்டாரத்தார் மழைக்கு ஐப்பசியையும் கார்த்திகையையும்தான் நம்பியிருக்கிறோம். அப்படி ஒரு கார்த்திகை இரவில் மழை பெய்து ஓய்ந்திருந்தது. தெருவில் தேங்கிய நீரில் தவளைகள் விடாமல் கத்திக்கொண்டிருந்தன. இஷா தொழுகை முடிந்து வீடு திரும்பியபோது, எங்கள் பிள்ளைகள் இருவரும் அவர்களுடைய சாச்சாவின் மடிக்கணினி முன் அமர்ந்திருந்தனர். நெதர்லாந்தில் பணிபுரியும் அவர் விடுமுறைக்கு வந்தபோது ஒரு சிறுவர் திரைப்படம் கொண்டுவந்திருந்தார். அதுவும் தவளைக் கதைதான்.

படத்தின் பெயர் ‘மேஸ்டர் கிக்கர்’. தமிழில் ‘தவளை வாத்தியார்’ எனலாம். பவுல் வான் லோன் என்னும் டச்சுச் சிறார் எழுத்தாளரின் கதையைக் கொண்டு அன்னா வான் டெர் ஹைடெ இயக்க, 2016இல் வெளிவந்தது. 1658இல் போர்த்துக்கீசியரிடமிருந்து தூத்துக்குடியைக் கைப்பற்றினார்களே ஒல்லாந்தர், அவர்கள் நாட்டுப் படம். டச்சுப் பேச்சில் பாதியைச் சாச்சா தமிழில் சொன்னார். மீதியைக் காட்சிகளே சொல்லிவிட்டன.

கதை எளியது. பிள்ளைகள் மிகவும் நேசிக்கும் ஆசிரியர் ஒருவர் இருக்கிறார். அவரைப் பீடித்த ஒரு சங்கடத்தை சீத்தா என்னும் மாணவியிடம் சொல்கிறார்: சில வேளைகளில் அவர் தவளையாக மாறிவிடுகிறார். விரும்பி மாறுவதில்லை, எந்த நேரத்திலும் அது நேரலாம். அவ்வேளையில் யார் காலிலும் மிதிபடாமல், எந்தப் பறவைக்கும் இரையாகாமல் காக்க அருகில் ஒருவர் வேண்டும். முதலில் சீத்தா மட்டும் காவல் இருக்கிறாள். பிறகு வகுப்பே காவல் இருக்கிறது. இந்நிலையில் புதிய தலைமையாசிரியர் வருகிறார். அவர் பெயர் ஸ்டோர்க். ஆங்கிலத்தில் நாரை என்று பொருள். நாரைக்கும் தவளைக்கும் உள்ள உறவைக் குளத்தங்கரைப் பிள்ளைகளுக்கு விளக்க வேண்டியதில்லை. எங்கள் இளைய மகள் தலையணையைக் கட்டிக்கொண்டு, “வாத்தியாரே, ஓடிருங்க!” என்று கத்தினாள்.

மனிதன் தவளையாகும் படத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டலாமா என்ற தயக்கம் தொடக்கத்தில் எங்களுக்கு இருந்தது. படைப்பவன் அல்லாஹ் ஒருவனே என்பதை அறிந்த பிள்ளைகளுக்குக் கற்பனை வேறு, நம்பிக்கை வேறு என்பதைச் சொல்லிப் புரியவைக்க முடியும் என்று எண்ணி உடன் அமர்ந்தோம். தமிழகத்தின் அரசுப் பள்ளிகளிலேயே 2022 முதல் சிறார் திரைப்படங்கள் திரையிடப்படுகின்றன. பிள்ளைகள் படம் பார்க்கத்தான் போகிறார்கள். பெற்றோர் பக்கத்தில் இருக்கிறோமா என்பதே கேள்வி.

பார்த்து முடித்தபின் ஒன்று தோன்றியது. நம் பள்ளிக்கூடப் படங்களில் பெரும்பாலும் ஆசிரியரே பிள்ளைகளைக் காப்பாற்றுகிறார். 2012இல் வந்த ‘சாட்டை’யில், சீர்கெட்ட அரசுப் பள்ளியை ஓர் ஆசிரியர் தூக்கி நிறுத்துகிறார். 2007இல் வந்த ‘தாரே ஜமீன் பர்’ என்னும் இந்திப் படத்தில், எழுத்துகள் குழம்பித் தெரியும் சிறுவனை ஓவிய ஆசிரியர் கண்டறிந்து மீட்கிறார். இந்த டச்சுப் படத்தில் திசை மாறியிருக்கிறது. இங்கே பலவீனம் ஆசிரியருடையது, காவல் மாணவருடையது.

மகள் கேட்டாள்: “தவளையைக் கொல்லக் கூடாதுன்னு நம்ம மார்க்கத்துலயும் இருக்காம்மா?” இருக்கிறது. மருந்தில் தவளையைச் சேர்ப்பது பற்றி ஒரு மருத்துவர் கேட்டபோது, அதைக் கொல்ல வேண்டாமென்று நபி (ஸல்) அவர்கள் தடுத்த செய்தி அபூதாவூதில் பதிவாகியுள்ளது. அதைச் சொன்னதும் அவள் மகிழ்ந்து உறங்கப் போய்விட்டாள். எங்களுக்குத்தான் உறக்கம் வரவில்லை. இருவருக்கும் ஒரே முகம் நினைவுக்கு வந்திருந்தது.

நாங்கள் இருவரும் உறவுமுறைப் பிள்ளைகள். சிறுவயதில் ஒரே மதரஸாவில் ஓதியவர்கள். எங்களுக்கு ஒன்பது, பத்து வயதிருக்கும்போது வெளியூரிலிருந்து ஒரு ஹஜ்ரத் ஓதிக்கொடுக்க வந்தார். பிரம்பு வைத்துக்கொள்ளாதவர். தவறாக ஓதினால் அந்த எழுத்தைத் தாமே மூன்று முறை ஓதிக்காட்டிவிட்டு, “இப்ப நீங்க ஓதுங்க” என்பார். பிள்ளைகளையும் ‘நீங்க’ என்று அழைத்த முதல் பெரியவர் அவர்தான்.

ஒருநாள் மஃரிபுக்குப் பின் ஓதிக்கொண்டிருக்கையில் அவர் சாய்ந்து விழுந்தார். கை கால்கள் வெட்டி இழுத்தன. வாயில் நுரை வந்தது. பெரிய பையன் ஒருவன் ஓடிச் சென்று சாவிக்கொத்தை எடுத்துவந்து அவர் கையில் திணித்தான். சற்று நேரத்தில் எழுந்து அமர்ந்தவர், வேட்டியைச் சரிசெய்துகொண்டு, சுற்றி நின்ற எங்களைப் பார்த்தார். “பயந்துட்டீங்களா? இது எனக்குச் சின்ன வயசுலேருந்தே இருக்கு. வீட்டுல சொல்லாதீங்க பிள்ளைகளா” என்றார். நாங்கள் எல்லோரும் தலையாட்டினோம்.

இஷா பாங்குக்கு முன்பே தெரு முழுவதும் தெரிந்துவிட்டது.

எங்களில் யார் முதலில் சொன்னார் என்பது இன்றுவரை தெரியாது. எல்லோருமே சொன்னோம் என்பதுதான் உண்மை. அதைவிடக் கொடியது மறுநாள் நடந்தது. ‘ஹஜ்ரத் விளையாட்டு’ என்று ஒன்றைக் கண்டுபிடித்தோம். ஒருவர் கீழே விழுந்து கை காலை உதற வேண்டும். மற்றவர்கள் சாவியைத் தேடி ஓட வேண்டும். வயிறு வலிக்கச் சிரித்தோம். அவர் அதைச் சன்னல் வழியே பார்த்தார் என்று ஒருவன் சொன்னான். நாங்கள் நம்பவில்லை, நம்ப விரும்பவில்லை. பிள்ளைகள் பயப்படுகிறார்கள் என்று பெரியவர்கள் பேசி முடிவெடுத்தார்கள். அடுத்த வாரம் வேறொருவர் எங்களுக்கு ஓதிக்கொடுத்தார்.

பெரியவர்களான பின் அவரைத் தேடினோம். அவர் மறைந்து பல ஆண்டுகள் ஆகிவிட்டன என்ற செய்திதான் கிடைத்தது. அடியாரின் உரிமையில் இழைத்த குற்றத்திற்கு அந்த அடியாரிடமே மன்னிப்புக் கேட்க வேண்டும். கேட்பதற்கு எங்களுக்கு ஆளில்லை. அவருக்காக துஆ செய்கிறோம்.

வலிப்பு நோயுள்ள ஒரு கறுப்பினப் பெண்மணி நபி (ஸல்) அவர்களிடம் வந்த செய்தியை இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் அறிவிக்க, புகாரியிலும் முஸ்லிமிலும் காண்கிறோம். பொறுத்துக்கொண்டால் சுவனம் என்றும், விரும்பினால் நோய் நீங்கப் பிரார்த்திப்பதாகவும் கூறப்பட்டபோது, அவர் பொறுமையைத் தேர்ந்தெடுத்தார். ஆனால் வலிப்பு வரும்போது தம் ஆடை விலகிவிடுவதைச் சொல்லி, அது நேராதிருக்க மட்டும் பிரார்த்திக்க வேண்டினார். அவ்வாறே பிரார்த்தித்தார்கள். நோயைத் தாங்க முடிந்த அந்தப் பெண்மணிக்கு, பிறர் பார்வையில் மானம் குலைவதைத் தாங்க முடியவில்லை. எங்கள் ஹஜ்ரத் எங்களிடம் கேட்டதும் அதைத்தான்.

வலிப்பு தொற்றுநோய் அன்று. மூளையின் மின்னோட்டத்தில் ஏற்படும் தடுமாற்றம். முறையாக மருந்து உட்கொண்டால் 100 பேரில் 70 பேர் வரை வலிப்பின்றி வாழ முடியும் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. சாவியோ இரும்போ அதை நிறுத்துவதில்லை. அருகிலுள்ள கடினமான பொருள்களை அகற்றி, தலைக்கு அடியில் மடித்த துணியை வைத்து, ஒருக்களித்துப் படுக்கவைக்க வேண்டும். கை கால்களை அழுத்திப் பிடிக்கவோ வாயில் எதையும் திணிக்கவோ கூடாது. 5 நிமிடத்தைக் கடந்தும் நிற்காவிட்டால் 108ஐ அழைக்க வேண்டும். ஆடையைச் சரிசெய்து, கூட்டத்தை விலக்க வேண்டும். இதை எந்த வயதுப் பிள்ளைக்கும் சொல்லிக்கொடுக்கலாம். எங்களுக்கு அன்று யாரும் சொல்லவில்லை.

மறுநாள் காலை இவற்றையெல்லாம் பிள்ளைகளிடம் முதல்முறையாகச் சொன்னோம். கூடவே ஒரு வேறுபாட்டையும் அழுத்திச் சொன்னோம். ஒருவருடைய நோயை, குறையை, வறுமையை மறைப்பது அமானிதம். ஒருவர் உங்களுக்குத் தீங்கு செய்துவிட்டு ‘யாரிடமும் சொல்லாதே’ என்றால் அது அமானிதம் ஆகாது. அன்றே எங்களிடம் சொல்ல வேண்டும். படத்தின் ரகசியம் முதல் வகையைச் சேர்ந்தது. இரண்டையும் பிரித்துக் காட்டாமல் இப்படத்தைச் சிறு பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டாம் என்பது எங்கள் வேண்டுகோள்.

ஏழாம் வகுப்பு படிக்கும் மகன் அதுவரை ஒன்றும் பேசவில்லை. பிறகு உள்ளே சென்று கைப்பேசியை எடுத்துவந்தான். வகுப்புப் பிள்ளைகளின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு காணொளி. கரும்பலகையில் எழுதும் ஓர் ஆசிரியரின் கை நடுங்குகிறது; எழுத்துகள் கோணலாகின்றன; பின்னணியில் பாட்டு, சிரிப்பு. பதினெட்டு விநாடிகள்.

“அத்தா, நான் எடுக்கல. ஆனா ரெண்டு பேருக்கு அனுப்புனேன். இப்ப அழிச்சிட்டாப் போதுமா?”

எங்களால் உடனே விடை சொல்ல முடியவில்லை. எங்கள் காலத்தில் ஒரு செய்தி தெருவைக் கடக்க மஃரிபிலிருந்து இஷாவரை ஆயிற்று. இன்று கண் இமைக்கும் நேரம் போதும். போதாது என்றுதான் சொன்னோம். அழித்தபின், அனுப்பிய இருவரிடமும் நேரில் சென்று அழிக்கச் சொல்லும்படி கூறினோம். சிரிப்பார்களே என்றான். சிரிக்கலாம், ஆனாலும் போக வேண்டும் என்றோம்.

மாலையில் திரும்பி வந்தான். ஒருவன் அவன் கண்முன்னே அழித்துவிட்டான். மற்றவன் சிரித்தானாம், அழிக்கவில்லையாம். நாளை மீண்டும் கேட்கப் போவதாகச் சொல்லிவிட்டு, தங்கையுடன் தெருவில் இறங்கினான். நடுவழியில் ஒரு தவளை உட்கார்ந்திருந்தது. மோட்டார் சைக்கிள் ஒன்று வருவதைக் கண்டு, இருவரும் அதைக் கையை ஆட்டி ஓரத்திற்கு விரட்டினார்கள்.

ஹஜ்ரத் அவர்களின் மறுமை வாழ்வை அல்லாஹ் ஒளிமிக்கதாக்குவானாக. அவர் வேண்டியபடி அவர் பெயரையும் ஊரையும் இங்கே எழுதவில்லை.