பத்துமலையில் மற்றொரு குகை

தெய்வம் உறையும் இடத்தைத் தூய்மையாகப் பேணுதல் நமது தொன்மரபு. கோயில் வீதியிற் பாதணியுடன் நடவோம். தீர்த்தக் கேணியில் எச்சில் உமிழோம். ஆயின் அக்கோயிலைத் தாங்கி நிற்கும் மலையையும், அம்மலையைப் போர்த்திருக்கும் காட்டையும் பேணுங் கடமை யாருடையது? இவ்வினாவை எம் உள்ளத்தில் எழுப்பியது மலேசியாவிலுள்ள பத்துமலையாகும்.

எமது பூட்டனார் காலத்தில் புகையிரதப் பகுதியில் எழுதுவினைஞர் வேலைக்கென மலாயாவுக்குச் சென்ற உறவினரின் வழிவந்தோர் இன்றும் கோலாலம்பூரில் வாழ்கின்றனர். 2017ஆம் ஆண்டு அவர்களைக் காணச் சென்றபோது பத்துமலை முருகனையும் வணங்கினோம். தம்புசாமிப்பிள்ளை அவர்கள் 1891ஆம் ஆண்டளவில் அக்குகையிலே வேலவனை எழுந்தருளச் செய்தார் என்பதும், மறு ஆண்டிலிருந்து அங்கே தைப்பூசம் நடந்துவருகின்றது என்பதும் பலரும் அறிந்த செய்திகள். 272 படிகளும், 2006இல் திறந்துவைக்கப்பெற்ற நெடிய முருகன் சிலையும் உலகறிந்தவை.

படியேறும் வழியில் இடப்பக்கமாக மற்றொரு குகை உண்டு. அதனை இருட்குகை என்பர். தலைக்கவசமும் கைவிளக்குந் தந்து எம்மை உள்ளே அழைத்துச் சென்ற இளைஞர், ஓரிடத்தில் எல்லா விளக்குகளையும் அணைக்கச் சொன்னார். கண்ணைத் திறந்திருக்கின்றோமா மூடியிருக்கின்றோமா என்று தெரியாத இருள்! வௌவால்களின் கீச்சொலி மாத்திரங் கேட்டது.

அவ்விருளில் ஒரு முழு உலகமே இயங்குகின்றது. வௌவால்கள் இரவிலே வெளியே பறந்து சென்று இரைதேடிப் பகலிலே குகைக்கு மீளும். அவற்றின் எச்சத்தை உண்டு கரப்பான்களும் பிற சிற்றுயிர்களும் வாழும். அவற்றைப் பிடித்துண்ணச் சிலந்திகள் காத்திருக்கும். பத்துமலையின் பெயரையே தாங்கிய ஒருவகைச் சிலந்தி, பாறையில் நூற்குழல் அமைத்து, அதற்கொரு கதவும் இட்டு, வாயிலைச் சுற்றி நூலிழைகளைப் பரப்பி வைக்கின்றது. இரை இழையைத் தொட்டதும் கதவு திறக்கும்! சிலந்தி இனங்களுள் மிகத் தொன்மையான கிளையைச் சேர்ந்தது அது.

தேனுண்ணும் வௌவால் ஒன்று அக்குகையிலிருந்து நெடுந்தூரம் பறந்து டுரியான் பூக்களில் மகரந்தஞ் சேர்க்கின்றது. ஆகவே குகை கெட்டால் தோட்டமுங் கெடும். காடும் கண்டற் சோலையும் அழிந்தால் குகையும் பட்டினி கிடக்கும். சந்தையிலே டுரியான் வாங்குபவர் இதனை எண்ணிப் பார்ப்பாரா?

இவ்வுறவை மக்களுக்கு எடுத்துரைத்தது மலேசிய இயற்கைச் சங்கம். 1940இல், மலாயா என்ற பெயர் வழங்கிய காலத்தில், தோன்றிய இச்சங்கம் இலாபம் நோக்காதது. பத்துமலையின் பக்கங்களில் சுண்ணாம்புக்கல்லுக்காக வெடிவைத்துப் பாறை பிளந்த காலத்தில், அதனை எதிர்த்துக் குரல் கொடுத்தோருள் இச்சங்கத்தாரும் இருந்தனர். 1980ஆம் ஆண்டளவில் கல்லுடைத்தல் நின்றது. எண்டாவு ரொம்பின் காட்டிலே 1985ஆம் ஆண்டு ஓர் ஆராய்ச்சிப் பயணத்தை நடாத்தி, அக்காட்டின் அருமையை நாடறியச் செய்ததும் இச்சங்கமே.

இங்கு நாம் சிந்திக்க வேண்டியது ஒன்று. சிலந்திக்காகவும் வௌவாலுக்காகவும் வாதாடியவர்கள் முருகனுக்குந் தொண்டு செய்தவர்களே அல்லரோ? மலை கரைந்தபின் குகைக்கோயில் எங்கே நிற்கும்? பக்தி ஒரு குகையைக் காத்தது. அறிவு மற்றக் குகையைக் காத்தது. இரண்டையுந் தாங்குவது ஒரே மலை. 2019இல் இருட்குகை பொதுமக்களுக்கு மூடப்பட்டதென அறிந்து யாம் வருந்தினோம். பூட்டு, குகையைக் காக்கலாம். ஆயின் அதன் அருமையைக் கற்பிக்க அதனால் இயலுமா?

நமது யாழ்ப்பாணக் குடாநாடும் சுண்ணாம்புக்கல்மீதே அமைந்துள்ளது. நாம் பருகும் கிணற்றுநீர் அக்கல்லின் இடுக்குகளில் தேங்கும் மழைநீரே. காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை 1990இல் நின்றபோதிலும், அதற்கெனக் கல் அகழ்ந்த பெருங்குழிகள் மறையவில்லை. கீரிமலைத் தீர்த்தத்தில் மூழ்கிப் பிதிர்க்கடன் கழிக்கின்ற நாம், அந்நீர் எந்தப் பாறைவழியே ஊறி வருகின்றது என்று நம் பிள்ளைகளுக்கு என்றேனுஞ் சொல்லியிருக்கின்றோமா? ஒரு விடுமுறை நாளில் அவர்களை அங்கே அழைத்துச் சென்று கேணியைக் காட்டுவதோடு நில்லாது, அக்குழிகளையுங் காட்டுவோமாக. கண்டறிந்த பிள்ளைகளே நாளை காவலராவர்.