ஆருட தகரம்?

2022இல் ஒரு முட்டை 50 ரூபாயைத் தாண்டியபோது, எங்கள் ஏறாவூர்த் தெருவில் வீட்டுக்கு ஒரு கோழி நிபுணர் முளைத்தார். நானும் முளைத்தேன். சோளம் கிடைக்காமல் பெரிய பண்ணைக்காரர்களே கையைப் பிசைந்த காலம் அது. ஊர்க்கோழி வளவைக் கிளறித் தின்னும், கூடு ஒன்றுதான் செலவு என்று கணக்குப் போட்டேன்.

ஓடாவி கேட்ட கூலிக்கு ஆறு மாதம் முட்டை வாங்கித் தின்னலாம். நானே ஆணியும் சுத்தியலும் எடுத்தேன்.

கோழிக்கு எந்தக் கூடும் போதும், வேப்பமரக் கிளைகூடப் போதும். கூட்டின் வலையைத் தீர்மானிப்பது கீரி. அறுகோணக் கண் வலை கோழியை உள்ளே வைத்திருக்கும், கீரியை வெளியே வைத்திருக்காது. அரை அங்குலக் கம்பிவலைதான் வேண்டும், அதன் விலையோ தங்க விலை. அதனால் அடியில் இரண்டடிக்கு மட்டும் அதை அடித்து, எங்கள் மணலில் கீரி தோண்டும் என்பதால் ஓரடி புதைத்தேன். மேலே வாவியில் தொழில் செய்யும் மச்சானின் கழித்துப்போட்ட வலை, இரட்டை மடிப்பில். மரநாய் அதைக் கடித்து வந்துவிடும் என்றார் பக்கத்து வளவுக் காக்கா. இன்னும் வரவில்லை, அவர்தான் தினமும் வந்து பார்க்கிறார். தரைக்குக் கமுகஞ்சலாகை, எச்சம் கீழே விழ விரல் இடைவெளி, அடியில் மில்லில் சும்மா கிடைத்த உமி. கோழிகள் ஏறி உறங்க உம்மம்மாவின் கைத்தறியில் மிஞ்சிய ஒரு மரம். மொத்தம் 6,400 ரூபாய்.

கூரைத் தகரத்தை அந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. அது என்னுடையதல்ல.

1978 நவம்பர் 23 இரவு எனக்கு எட்டு வயது. சூறாவளி எங்கள் கிடுகுக் கூரையை முதல் அரை மணியிலேயே கொண்டுபோய்விட்டது. நாங்கள் தறிக்குக் கீழே ஒண்டிக்கொண்டோம். உம்மம்மா ஓதினா, நாங்கள் அழுதோம், காற்று இரண்டையும் கேட்கவிடவில்லை. விடிந்து பார்த்தால் தென்னைகள் எல்லாம் தலைவாரியதுபோல் ஒரே பக்கம் படுத்துக்கிடந்தன. கோழிக்கூடு இருந்த இடத்தில் கோழியும் இல்லை, கூடும் இல்லை. கிணற்றடியில் மட்டும், மடங்கிய ஒரு கனத்த தகரம் கிடந்தது. எங்கள் வீட்டில் தகரமே கிடையாது.

கூரையில்லாத வீட்டில் தகரம் கிடைத்தால் என்ன செய்வார்கள்? வாப்பா ஏணியைத் தேடினார். உம்மம்மா விடவில்லை.

“ஆருட தகரமோ, மனே. ஒரு வருஷம் சொல்லிப் பாக்கணும்.”

கண்டெடுத்த பொருளை ஒரு வருஷம் ஊரறியச் சொல்ல வேண்டும், சரியான அடையாளம் சொல்பவரிடம் கொடுக்க வேண்டும், அதன்பின் பாவிக்கலாம், ஆனால் எப்போது உரியவர் வந்தாலும் கொடுத்தாக வேண்டும் என்பது மார்க்கச் சட்டம். ஊரே கூரையைத் தேடிக்கொண்டிருந்த நேரத்தில் உம்மம்மா ஆளனுப்பிக் கூரைக்காரரைத் தேடினா. சிலர் வந்தார்கள். அடையாளம் கேட்டதும் தலையைச் சொறிந்துகொண்டு போனார்கள். அந்த மாரி முழுக்க நாங்கள் நனைந்தோம், தகரம் சுவரில் சாய்ந்து நின்றது. வாப்பா அதைப் பார்க்கும்போதெல்லாம் தொண்டையைச் செருமுவார். வருஷம் முடிந்த அன்றைக்கும் அதை வீட்டுக்கு அடிக்க உம்மம்மா சம்மதிக்கவில்லை. கோழிக்கூட்டுக்கு அடிக்கச் சொன்னா. கழற்றிக் கொடுக்க லேசாம்.

இப்போது அதே தகரத்துக்குக் கீழே ஐந்து பேடும் ஒரு சேவலும். சேவல் கூவினால் அல்லாஹ்விடம் அருளைக் கேளுங்கள், அது மலக்கைக் கண்டிருக்கிறது என்ற கருத்தில் ஒரு ஹதீஸ் உண்டு. எங்கள் சேவல் தெருவிளக்கைக் கண்டு இரவு இரண்டு மணிக்கே கூவுகிறது. காக்காவின் உறக்கம் கெடுகிறது. எழும்பிய நேரத்தில் துஆ கேளுங்கள் என்றேன். உன் சேவலுக்காகத்தான் கேட்கிறேன் என்றார், குரலில் கருணை இல்லை.

உப்புக் காற்று தகரத்தின் ஓரங்களைத் தின்றுவிட்டது, நடுப்பகுதி நன்றாகவே இருக்கிறது. ஒரு மூலையில் வெள்ளைப் பெயின்ற்றில் ஓர் இலக்கம் எழுதியிருக்கிறது. உங்கள் குடும்பத்தில் யாராவது அந்த இரவில் தகரம் பறிகொடுத்திருந்தால் ஏறாவூருக்கு வாருங்கள். இலக்கத்தை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.