ஓட்டைப் பரிசலும் ஒரு டின் தாரும்

திருப்பூர் என்றதும் தங்களுக்குப் பனியன்தான் ஞாபகம் வரும். தப்பில்லை. ஆனால் அதே ஜில்லாவின் தெற்குக் கோடியில், பனியன் மெஷின்களின் சத்தம் எட்டாத ஓர் இடம் இருக்கிறது. பல்லடம், உடுமலைப்பேட்டை வழியாகத் தெற்கே போய்க்கொண்டே இருங்கள். ஆனைமலைத் தொடர் எதிரே வந்து வழியை மறிக்கும். அங்கேதான் அமராவதி அணை. காமராஜர் முதல் மந்திரியாக இருந்த காலத்தில், 1957-ல் கட்டியது. கொள்ளளவு நாலு டி.எம்.சி.

அணைக்குப் போகிறவர்கள் 1975-ல் ஏற்பட்ட முதலைப் பண்ணையைப் பார்த்துப் பயந்துவிட்டு, பொரித்த ஜிலேபி கெண்டையைத் தின்று பயம் தெளிந்து வீடு திரும்புவது வழக்கம். அந்த மீன் எப்படிக் கரைக்கு வருகிறது என்று கேட்பவர் குறைவு. பரிசலில் வருகிறது, சகோதரிகளே! பண்ணையில் மட்டுமல்ல, அணைத் தண்ணீரிலும் முதலைகள் உண்டு. அதன் மேல் ஒரு மூங்கில் கூடையில் உட்கார்ந்து வலை வீசிவிட்டு வருகிறார்கள்.

நான் போன அன்று கரையில் ஒரு பரிசல் கவிழ்ந்து கிடந்தது. பக்கத்தில் மூன்று கல் அடுப்பில், தகர டின்னில் தார் கொதித்துக்கொண்டிருந்தது. பரிசல்காரர் மட்டும் தனியாக நின்று, பரிசலுடன் பேசிக்கொண்டிருந்தார்!

"இன்னும் கொஞ்சம் இடப்பக்கம் பாரு, அம்மணி!"

"இங்கே ஒண்ணு மின்னுதுங்க!" என்று பரிசல் பதில் சொல்லிற்று.

பிறகுதான் புரிந்தது. கவிழ்த்த பரிசலுக்கு அடியில் அவர் மனைவி உட்கார்ந்திருக்கிறாள். உள்ளே கும்மிருட்டு. எங்கே வெளிச்சம் ஊசிமுனையாகத் தெரிகிறதோ, அங்கே ஓட்டை. அவள் உள்ளிருந்து விரலால் தட்ட, அவர் வெளியே சுண்ணாம்பால் புள்ளி வைக்கிறார். ஒழுகும் குடத்தை நாம் வெயிலில் தூக்கிப் பார்ப்பதில்லையா? அதே சாஸ்திரம்தான். மேல்நாடுகளில் அலுமினியத் தகட்டை ஆணி அறைந்து சிறு படகு செய்கிறார்கள். ஆணி தளர்ந்து கசிந்தால் படகைக் கரையேற்றி, உள்ளே தண்ணீர் ஊற்றி, வெளியே எங்கே சொட்டுகிறது என்று பார்க்கிறார்கள். கடலுக்கு அப்பாலும் கை வைத்தியம் ஒன்றுதான்!

புள்ளி வைத்த இடங்களை உலரத் துடைத்தார்கள். ஈரம் இருந்தால் தார் ஒட்டாது. துடைக்கும் துணி எது தெரியுமா? திருப்பூர்ப் பனியன் வெட்டுத் துண்டுகள்! மகன் அங்கே ஒரு கம்பெனியில் வேலை செய்கிறானாம். ஊருக்கு வரும்போது ஒரு மூட்டை கொண்டுவருவானாம். பிறகு பழைய பிளாஸ்டிக் சாக்கைக் கத்தரித்து ஒட்டுப் போட்டு, அதன் மேல் சூடான தாரைக் குச்சியில் சுற்றிய துணியால் தேய்த்தார்கள்.

"எங்க அப்பாரு காலத்துல மாட்டுத் தோலுங்க. இப்போ சாக்குங்க" என்றார் அவர். கரையிலுள்ள கல்லில் உரசுவதால், அடிப்பாகத்தில் மட்டும் சாக்கை இரட்டையாகப் போட்டிருக்கிறார். அவருடைய சொந்தச் சீர்திருத்தம் அது.

"அப்படியானால் இன்னும் இரண்டு சாக்குப் போட்டால் ஆயுசுக்கும் கவலையில்லையே?" என்று என் புத்திசாலித்தனத்தைக் காட்டினேன்.

"தூக்கறது யாருங்க?" என்று சிரித்தார். ஒவ்வொரு தடவை தார் பூசும்போதும் பரிசல் கனக்கிறது. தலையில் கவிழ்த்துச் சுமக்க முடியாத பரிசலால் என்ன பிரயோஜனம்?

மகன் வேறு யோசனை சொல்கிறான். "ஃபைபர் பரிசல் வாங்கிக் கொள்ளுங்கள், தாரும் வேண்டாம், சாக்கும் வேண்டாம்" என்கிறான். நல்ல யோசனைதான். ஃபைபர் மூங்கிலைப்போல் மக்காது, நெடுநாள் உழைக்கும். அது விரிந்தாலும் ஒட்டலாம். ஆனால் அதற்கு வேறு மருந்து வேண்டும், பழகிய கை வேண்டும்.

அம்மாள் தாழ்ந்த குரலில் சொன்னாள்: "பையன் நல்லதுக்குத்தான் சொல்றானுங்க. ஆனா இதுல ஓட்டை எங்கேன்னு எனக்குத் தெரியுமுங்க. நானே பாத்து அனுப்பினாத்தான் ராத்திரி தூக்கம் வரும்."

சாயங்காலம் பரிசலைத் தண்ணீரில் விட்டார்கள். அவர் ஏறுவதற்கு முன் அவள் குனிந்து, உள்ளே விளிம்போரமாகக் கையை ஒரு சுற்றுத் தடவினாள். கையைத் திருப்பிப் பார்த்தாள். ஈரமில்லை.

"போயிட்டு வாங்க" என்றாள்.

பரிசல் ஒரு சுழற்சி சுழன்று, துடுப்புக்கு அடங்கி, நீரில் நகர்ந்தது. அடுத்த முறை அமராவதிக்குப் போய் ஜிலேபி கெண்டை சாப்பிடும்போது, அந்தக் கையை ஒரு நிமிஷம் நினைத்துக்கொள்ளுங்கள்.