வேலை பழக்குதல்

லாசாலின் உணவகங்களுக்குள் நாங்கள் பின்கதவால்தான் நுழைந்தோம். 1983 ஜூலைக்குப் பின் மொன்றியலுக்கு வந்த எம்மவர் பலருக்குக் கிடைத்த முதல் உத்தியோகம் கோப்பை கழுவுவது. ஊரில் ஆசிரியராகவும் எழுதுவினைஞராகவும் இருந்தவர்கள்கூடக் கழுவுதொட்டியடியில் நின்றார்கள். வீட்டில் குசினிப் பக்கமே போயறியாத ஆண்கள் மூட்டை மூட்டையாக வெங்காயம் உரித்தார்கள்.

அங்கிருந்து அடுப்படிக்கு நகர ஆண்டுகள் எடுத்தன. அதற்குள் இன்னொரு வேலையும் எங்கள் தலையில் விழுந்தது: புதிதாக வருபவருக்கு வேலை பழக்குவது. "உன்னுடைய ஆள்தானே, நீயே காட்டிவிடு" என்றார் முதலாளி. பிறகு வங்காளி வந்தார், பஞ்சாபி வந்தார், மெக்சிகோக்காரர் வந்தார். அவர்களுக்கும் நாங்களே காட்டினோம்.

மொழிதான் பெரிய பயம். 1977 இன் 101ஆம் சட்டத்தின்படி கியூபெக்கில் பிரெஞ்சே வேலைத்தல மொழி. அங்கே எங்களுக்குக் கைகொடுத்தவர்கள், 1619 இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்த போர்த்துக்கேயர்! அவர்கள் விட்டுப்போன குசினியும் அலுமாரியும் வாங்கும் பாணும் பிரெஞ்சுக்காரரின் சொற்களுக்கு ஒன்றுவிட்ட சகோதரங்கள். புதிதாக வரும் பொடியனிடம் முதலில் இந்த நாலு சொல்லையும் சொல்வோம். பாதிப் பயம் தெளிந்துவிடும்.

பிறகு கத்தி பிடிக்கும் விதம். கொதிசட்டியோடு ஒருவர் பின்னால் போகும்போது "ஷோ" என்று குரல் கொடுப்பது. பச்சைக்கோழி குளிரூட்டியின் கீழ்த்தட்டில். முந்தி வந்த சாமான் முந்திப் போகவேண்டும். 4 பாகைக்கும் 60 பாகைக்கும் இடையில் உணவைக் கிடக்கவிட்டால் கிருமி பெருகும். 2008 இல் கியூபெக் அரசு இதற்கென ஓர் ஒழுங்குவிதி கொண்டுவந்தது. நிலையப் பொறுப்பாளருக்கு 12 மணிநேரப் பயிற்சி. உணவைக் கையாள்வோரில் ஒரு பகுதியினருக்கு 6 மணிநேரம். கை ஏற்கெனவே அறிந்திருந்ததற்கு ஒரு தாளும் கிடைத்தது. அந்தத் தாளைக் கொண்டு எங்களில் சிலர் பயிற்றுநர் என்ற பெயரோடு சம்பளமும் கேட்டு வாங்கினார்கள். மற்றவர்கள் பெயரில்லாமலே பழக்கினார்கள். அவர்கள் பழக்கிவிட்டவர் மேற்பார்வையாளராகி அவர்களுக்கே நேர அட்டவணை போட்ட கதைகளும் உண்டு.

ஆனால் எங்களை உறுத்துவது வேறொன்று. "மூன்று நாள் வந்து பழகு, பிறகு பார்ப்போம்" என்பார்கள். அந்த மூன்று நாளுக்குச் சம்பளம் இல்லை. கியூபெக்கின் தொழில் நியமச் சட்டம் இதற்கு இடம்கொடுப்பதில்லை. முதலாளி கேட்டு நடக்கும் பயிற்சி நேரமும் பரீட்சார்த்த நேரமும் வேலை நேரமே. அதற்குக் கூலி கொடுத்தாக வேண்டும்.

இன்று முதலாளிகளில் எம்மவரும் இருக்கிறார்கள். "தம்பி, கொஞ்சநாள் சும்மா வந்து பழகும்" என்ற வசனம் தமிழிலும் கேட்கிறது. தம்பி என்று அழைத்துவிட்டால் கூலி கொடுக்கத் தேவையில்லையா? தானும் தொட்டியடியில் நின்று வந்தவர் இதைச் சொல்லும்போது, வெள்ளைக்காரர் சொன்னதைவிட அது கூடுதலாகச் சுடுகிறது. அகதி விண்ணப்பம் முடிவாகாத ஒருவர் அவரோடு வாதாடமாட்டார் என்பது அவருக்கும் தெரியும்.

ஆகவே அங்கிரினோன் மெட்ரோவில் இறங்கி, பஸ் பிடித்து வேலைக்கு வரும் புதியவரிடம், கத்தியைக் கொடுக்கமுன் ஒரு கொப்பி வாங்கச் சொல்கிறோம். இடப்பக்கத்தில் அன்றைக்குப் படித்த பிரெஞ்சுச் சொற்கள். வலப்பக்கத்தில் வந்த நேரம், போன நேரம். முதல் நாளிலிருந்தே.