தலையணைக்கு அடியில்

சிறுவனைப் படுக்கவைத்து விளக்கை அணைத்தாயிற்று. காலடிச் சத்தம் ஓயும்வரை அசையாமல் கிடக்கிறான். பிறகு கை மெல்லத் தலையணைக்கு அடியில் நுழைகிறது. உள்ளங்கைக்கு அடக்கமான ஒரு டிரான்சிஸ்டர். விரல் திருகுகிறது. கிடார் அதிர்கிறது. இருட்டில் அந்த முகம் பூரித்துப்போகிறது.

ரிச்சர்ட் கர்டிஸ் எழுதி இயக்கிய ‘தி போட் தட் ராக்டு’ (2009) இப்படித்தான் தொடங்குகிறது. கதை நடப்பது 1966இல். பிரிட்டனே ராக் இசைக்குத் தவித்துக்கிடக்க, பிபிசி இசைத்தட்டுகளை அளந்து அளந்துதான் ஒலிபரப்பியது. அதனால் வட கடலில், சட்டத்தின் கை எட்டாத தூரத்தில், வானொலி நிலையமான ஒரு பழைய கப்பல் நங்கூரமிட்டு இரவும் பகலும் பாடுகிறது.

கப்பலில் ஒரே கும்மாளம். தாடியும் தொப்பையுமாக பிலிப் சீமோர் ஹாஃப்மன் மைக்கை நெருங்கினால் சிரிக்காமல் இருக்க முடியாது. ஆனால் என் கண் கரைக்கே போகிறது. விடுதி அறையில் ரேடியோவைச் சுற்றி நர்சுகள். கடையில் வேலை மறந்து நிற்கும் பெண்கள். அவர்களுக்கு வசனம் ஏதுமில்லை. தோள் மட்டும் தாளத்துக்கு அசைகிறது.

இது வெறும் கற்பனையல்ல. ரோனன் ஓ’ராஹிலி என்ற அயர்லாந்துக்காரர் 1964 ஈஸ்டரில் ‘ரேடியோ கரோலைன்’ என்ற கப்பல் வானொலியைத் தொடங்கினார். கடல் கொந்தளிக்கும் நாளில் இசைத்தட்டின் மேல் முள் துள்ளிவிடாமலிருக்க, அதைத் தாங்கும் கையின் மேல் ஒரு காசை வைப்பார்கள். அந்தக் காசின் கனத்தில்தான் பாட்டு அறுபடாமல் கரைக்கு வந்தது.

படத்தில் 1967 புத்தாண்டு பிறக்கும்போது இத்தகைய கப்பல் வானொலிகளுக்குத் தடைச் சட்டம் வருகிறது. நிஜத்தில் வந்தது அந்த ஆண்டு ஆகஸ்ட் 14 நள்ளிரவில். அன்று பிற்பகல் 3 மணிக்கே இன்னொரு கப்பல் வானொலியான ‘ரேடியோ லண்டன்’ ஓய்ந்தது. அறிவிப்பாளர்கள் ரயிலில் லிவர்பூல் ஸ்ட்ரீட் நிலையத்துக்கு வந்தபோது, அங்கே ரசிகர் கூட்டம் அலைமோதியது. செப்டம்பர் 30இல் பிபிசி தன் ‘ரேடியோ 1’ஐத் தொடங்கியபோது, கப்பலில் பேசிய பல குரல்கள் அதில் ஒலித்தன.

படத்தில் கப்பல் மூழ்குகிறது. ஒரு அறிவிப்பாளர் தன் இசைத்தட்டுகளைக் கட்டிக்கொண்டு, தண்ணீர் ஏறியும் விட மறுக்கிறார். அரசாங்கம் உதவிக்கு வரவில்லை. சின்னச் சின்னப் படகுகள் வருகின்றன, கரையிலிருந்து, ஒன்றன்பின் ஒன்றாக. இத்தனை நாளும் குரலை மட்டும் கேட்டவர்கள், நனைந்த கைகளைப் பிடித்து இழுத்தபடி அந்த முகங்களைப் பார்க்கிறார்கள்.