சர்வரின் சூடு, டிரம்மின் வெந்நீர்

ஸ்டாக்ஹோம்

ஆம்பூர்க்காரர்களுக்கு,

இந்த ஊரில் கணினி விடும் அனலுக்கும் விலை உண்டு. தரவு மையங்கள் வெளியேற்றும் வெப்பத்தை நகரின் வெப்பக் குழாய் நிறுவனம் காசு கொடுத்து வாங்கி வீடுகளுக்கு அனுப்புகிறது. வீட்டில் ஓயாமல் ஓடும் 100 வாட் சர்வர் ஒரு நாளில் 2.4 யூனிட் மின்சாரம் தின்னும். அத்தனையும் கடைசியில் வெப்பம்தான். சிந்தாமல் பிடித்தால் 100 லிட்டர் தண்ணீரை 20 டிகிரி சூடேற்றலாம். பனிக்காலத்தில் இங்கே அதைப் பிடிக்கவே வேண்டாம், அறையில் விட்டாலே லாபம். சித்திரை வெயிலில் வேலூரிலோ அதே சூட்டை விரட்ட ஏசிக்கு வேறு பணம் கட்டுகிறோம். ‘இது குளிர்நாட்டுச் சமாசாரம்’ என்பவர்கள் சொல்வது பாதி சரி: நம் வீடுகளுக்கு இந்தச் சூடு வேண்டாம். டேனரிக்கு வேண்டும்.

சாயமேற்றும் டிரம்மில் தோல் சுழலும்போது 50, 60 டிகிரி வெந்நீர் போதும்; சாயம் ஏறவும் எண்ணெய் இழைக்குள் இறங்கவும் அதற்குமேல் சூடு தேவையில்லை. அதற்கா பாய்லரில் இவ்வளவு விறகு? திரவத்தால் குளிரூட்டும் சர்வர்களிலிருந்து 45 டிகிரித் தண்ணீர் கிடைக்கும். அதை வைத்து 28 டிகிரித் தொட்டித் தண்ணீரை 42 ஆக்கினால் 60க்கான வழியில் ஏறக்குறைய பாதி தாண்டியாயிற்று. நாளைக்கு 10,000 லிட்டர் என்றால் 163 யூனிட், அதாவது இரவும் பகலும் ஓடும் ஏழு கிலோவாட் சர்வர்கள்: ஓர் அலமாரிக்குள் அடங்கும். இங்கிலாந்தின் எக்ஸ்மத் ஊர் நீச்சல்குளத்தை 2023இல் சூடாக்க உதவிய கணினித் தொகுதி சலவை இயந்திர அளவுதான்.

வெயில் இருக்கும் ஊரில் சூரிய வெந்நீர்த் தகடு போதாதா? சர்வர் இல்லாத டேனரிக்குத் தாராளமாகப் போதும். வெந்நீருக்காக யாரும் சர்வர் வாங்க வேண்டாம். எப்படியும் ஓடும் சர்வர்களைப் பற்றித்தான் பேச்சு. இதைவிடக் கனமான ஆட்சேபம் வேறு. முடி நீக்கப் போடும் சோடியம் சல்பைடிலிருந்து எழும் அழுகிய முட்டை வாடைக் காற்று செம்பையும் வெள்ளியையும் கறுக்கவைத்து அரிக்கும். சர்க்யூட் போர்டு தாங்காது. அதனால் சர்வர் தள்ளி, மூடிய அறையில் இருக்கட்டும். டேனரிக்குள் குழாய் மட்டும் வரட்டும். டேனரியின் சூட்டுத் தேவை டிரம்மோடு முடிவதில்லை: தோல் ஆலை மாசு பற்றி 1996இல் உச்ச நீதிமன்றம் அளித்த வேலூர்த் தீர்ப்பின் வழி வந்த கழிவுநீர்க் கட்டுப்பாடுகளால் இன்று உப்புநீரைக் காய்ச்சி வற்றவைக்கும் ஆவியாக்கிகள் வேறு எரிபொருள் கேட்கின்றன. அந்தப் பசிக்கு 42 டிகிரி யானைக்குச் சோளப்பொரி. ஆனால் தண்ணீர்க் கணக்கையும் பாருங்கள்: பெரிய தரவு மையங்கள் பலவற்றில் குளிர்கோபுரங்கள் சூட்டோடு தண்ணீரையும் ஆவியாக விடுகின்றன. பாலாறு வறண்டு கிடக்கும் ஊரில், எப்படியும் டிரம்முக்குள் போகிற தண்ணீரே அந்தச் சூட்டை வாங்கிக்கொள்ளும்.